ஊரே புவியியல் ஏடு

கிராமப் பள்ளியில் பயிலும் சிறுவன் ஒருவனை அழைத்து, காவிரி எங்கே தோன்றுகிறது என்று வினவினால், குடகு மலையிலுள்ள தலைக்காவிரியில் என்று தயங்காது விடை பகர்வான். அதே சிறுவனை நோக்கி, உன் ஊர் ஏரிக்கு நீர் எந்த வழியாக வருகிறது என்று வினவினால், பெரும்பாலும் விழித்து நிற்பான். முதல் வினாவின் விடை பாடநூலில் இருக்கிறது. இரண்டாம் வினாவின் விடை பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வெளியே இருக்கிறது. ஆனால், அவன் வளர்ந்து உழவனாகவோ ஊராட்சி உறுப்பினனாகவோ ஆகும்போது அவனுக்குக் கைகொடுக்கப்போவது இரண்டாம் விடையேயாகும்.

தடுப்பணையை எங்கே கட்டுவது, சாலையை எந்தப் பக்கமாகக் கொண்டு செல்வது, ஆழ்துளைக் கிணற்றை எங்கே தோண்டுவது என்பன போன்றவற்றைக் கிராம சபையில் அமர்ந்து முடிவு செய்கிறோம். இவையனைத்தும் புவியியல் சார்ந்த முடிவுகளே. நிலத்தின் சரிவையும் நீரின் போக்கையும் அறியாது எடுக்கும் முடிவினால் பொதுப்பணம் வீணாவதோடு, ஓர் ஊருக்கு வரவேண்டிய நீரும் வேறு வழியே போய்விடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. அச்சுரைக்காயைக் கறிக்கு உதவுமாறு செய்யும் வழிகள் சிலவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மனப்பாடமும் சிந்தனையும்

முற்காலத்தில் பூகோளம் என்று வழங்கிய பாடமே இன்று புவியியல் எனப்படுகிறது. மலை, ஆறு, தலைநகர், விளைபொருள் ஆகியவற்றின் பெயர்ப் பட்டியலே பூகோளம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. உண்மையில், ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பது ஏன், அது அங்கே இருப்பதால் விளைவது என்ன என்று ஆராய்வதே இந்த இயலின் உயிர். பெயர்களை நினைவாற்றல் கொண்டே கற்றுவிடலாம். காரணங்களைக் கற்கவோ கற்பனையும் சிந்தனையும் வேண்டும்.

சிந்தனையைத் தூண்டிக் கற்பிப்பது என்றவுடன், விலையுயர்ந்த கருவிகளும் சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கையால் செய்யும் தொழிலையும் சுற்றுப்புறத்தையும் அடிப்படையாகக் கொண்டு கல்வி அமைய வேண்டும் என்று காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் எடுத்துரைத்தார். பள்ளி அறிவு வெளியுலக வாழ்வோடு இணைய வேண்டும் என்பதையே 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் வலியுறுத்திற்று. ஆகவே, இக்கருத்து புதியதன்று. செயற்படுத்துவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

பருந்தின் பார்வை

முதற்பாடம் வரைபடம். 'நம் ஊருக்கு மேலே பருந்து ஒன்று வட்டமிடுகிறது. அதன் கண்ணுக்கு நம் ஊர் எவ்வாறு தோன்றும்?' என்ற வினாவோடு ஆசிரியர் தொடங்கலாம். தென்னை மரம் நீண்டு தெரியுமா, வட்டமாகத் தெரியுமா? கோயில் கோபுரத்தின் சிற்பங்கள் தெரியுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, மேலிருந்து நோக்கும் காட்சியே வரைபடம் என்பதைச் சிறுவர் தாமாகவே கண்டுகொள்வர்.

அடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் காலடியை அளவுகோலாக்கிக் கொள்ள வேண்டும். 100 மீட்டர் தொலைவை நாடாவால் அளந்து, அதனை நடந்து கடக்கத் தமக்கு எத்தனை அடி தேவை என்று எண்ணிக் குறித்துக் கொள்ளட்டும். பின்னர்த் தெருக்களை அடியால் அளந்து, 10 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் தாளில் வரையலாம். வரைபட அளவு என்பது அப்போது வெறும் கணக்காக இராது. நடந்து கண்ட உண்மையாகிவிடும்.

இங்கே ஒரு சிறு மாற்றம் செய்தால் பாடம் மேலும் சுவை பெறும். மாணவரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு ஆடு மேய்ப்பவருக்காகவும், மற்றொரு குழு தண்ணீர் எடுத்துவரும் பெண்களுக்காகவும், மூன்றாம் குழு ஊருக்குப் புதிதாக வரும் மருத்துவருக்காகவும் ஒரே ஊரை வரையட்டும். முதற்படத்தில் புறம்போக்கும் மரநிழலும் பெரிதாக இடம்பெறும். இரண்டாவதில் குழாய்களும் கிணறுகளும் முன்னிற்கும். மூன்றாவதில் தெருக்களும் வீடுகளும் நிறையும். ஊர் ஒன்றே ஆயினும் படங்கள் மூன்றாவதேன்? எந்தப் படமும் யாரோ ஒருவருடைய தேவைக்காக எதையோ சேர்த்து, எதையோ விடுத்து வரையப்படுகிறது என்பது இதனால் விளங்கும். திட்ட வரைபடம் ஒன்று ஊராட்சியின் முன் வைக்கப்படும்போது, இதில் விடுபட்டது எது என்று கேட்கும் பழக்கம் இங்கிருந்தே தோன்றும்.

ஏரி வரையும் கோடுகள்

புவியியலில் மாணவர் மிகவும் இடர்ப்படும் கருத்துகளுள் சம உயரக் கோடும் ஒன்று. ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்து வரையும் கோடு என்று அதனைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் மட்டும் விளங்கிவிடாது. ஆனால், ஏரியுள்ள ஊர்ச் சிறுவர் அதனை ஆண்டுதோறும் கண்ணால் கண்டே வருகின்றனர். அசையாது நிற்கும் நீரின் விளிம்பு எங்கும் ஒரே உயரத்தில் அமையும். ஆகவே, ஏரி நீரின் விளிம்பே ஒரு சம உயரக் கோடு. கோடையில் நீர் வற்ற வற்ற, கரையோரச் சேற்றில் ஒன்றன் உள்ளே ஒன்றாக நீர் நின்ற தடங்கள் தோன்றுகின்றன அல்லவா? இயற்கை தானே நிலத்தின்மீது வரைந்த சம உயரக் கோடுகள் அவை.

தடங்கள் நெருங்கியுள்ள இடம் செங்குத்தானது. விலகியுள்ள இடம் சமமானது. இந்த உண்மையை ஏரிக்குள் இறங்கி நடக்கும் உழவர் காலால் அறிவர். மாணவர் அதனைப் பள்ளியிலேயே சோதிக்கலாம். அகன்ற தொட்டியில் களிமண்ணால் ஒரு குன்று செய்து, ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்திற்கும் நீர் ஊற்றி, நீர்விளிம்பைக் குச்சியால் கீறி வரட்டும். பின்னர் நீரை வடித்துவிட்டு மேலிருந்து நோக்கினால், இந்திய நில அளவைத் துறையின் படங்களில் காணும் கோடுகளை ஒத்த கோடுகளே குன்றின்மீது காணப்படும்.

நீர்ப்பிடிப்புப் பகுதியை விளக்கவும் எளிய வழி உண்டு. கெட்டியான தாள் ஒன்றைக் கசக்கி, முழுவதும் விரித்துவிடாமல் மேடு பள்ளமாக வைக்க வேண்டும். அதன் முகடுகளில் கரையும் மையினால் கோடிட்டு, மழைபோல் மேலே நீர் தெளிக்க வேண்டும். மை எந்தப் பள்ளத்தில் வந்து சேர்கிறது, எந்த முகட்டில் இரு பக்கமாகப் பிரிகிறது என்று காணலாம். பின்பு ஆசிரியர், 'நம் ஏரிக்கு இத்தகைய முகடு எங்கே இருக்கிறது?' என்று வினவ, மாணவர் ஊரைச் சுற்றி அதனைத் தேடட்டும். பல ஊர்களில் அம்முகடு அடுத்த ஊராட்சியின் எல்லைக்குள் இருக்கக் காண்போம். ஆட்சி எல்லையும் நீரின் எல்லையும் ஒன்றல்ல என்ற பெரும் பாடத்தை ஒரு தாள் கற்பித்துவிடுகிறது.

மழையை அளத்தல்

'வாய் அகன்ற அண்டாவில் மிகுதியான மழை பதிவாகுமா, குறுகிய குவளையிலா?' என்ற வினாவை வகுப்பில் எழுப்பினால் பூசலே மூண்டுவிடும். விடையை ஆசிரியர் சொல்லலாகாது. நேரான பக்கங்களையுடைய கலங்களைப் பல அகலங்களில் திறந்த வெளியில் வைத்து, மழை ஓய்ந்தபின் அளவுகோலால் நீரின் ஆழத்தை அளக்கட்டும். எல்லாவற்றிலும் ஆழம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மழையை ஏன் லிட்டரில் கூறாமல் மில்லிமீட்டரில் கூறுகிறோம் என்பதன் காரணம் அப்போது புலனாகும்.

அதன்பின் கணக்கிற்குச் செல்லலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். ஒரு ஹெக்டேரில் அது 10,000 லிட்டர். 200 சதுர மீட்டர் பரப்புள்ள பள்ளிக் கூரையின்மீது 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர் நீர் விழுகிறது. நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதன் பொருளை இக்கணக்கு உணர்த்தும். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 50,000 கன மீட்டராகும். அதில் ஐந்தில் ஒரு பங்கே ஓடி வந்தாலும் ஏரிக்கு 10,000 கன மீட்டர் நீர் கிடைக்கும். மீதி எங்கே போயிற்று என்று மாணவர் கேட்கத் தொடங்கினால், மண்ணுள் இறங்கும் நீர், ஆவியாகும் நீர், வேர் உறிஞ்சும் நீர் என்று பாடம் தானே விரியும்.

உழவர் 'ஓர் உழவு மழை' என்று கூறுவது வழக்கம். நிலம் உழுவதற்கு ஏற்ற ஈரம் பெறும் அளவு மழை என்பது அதன் பொருள். அது எத்தனை மில்லிமீட்டர்? இதற்குரிய விடையை மாணவரே கண்டறியலாம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவைக் குறிக்கட்டும். வானிலைத் துறையினர் பின்பற்றும் நேரமும் இதுவே. எந்த மழைக்குப் பின் ஏர் பூட்டலாம் என்று ஊர்ப் பெரியவர் கூறுகிறாரோ, அந்த நாளின் அளவைத் தனியே எழுதி வைக்கட்டும். கரிசல் மண்ணுக்கும் செம்மண்ணுக்கும் அளவு வேறுபடுவது தெரியவரும். பெரியவரின் அனுபவ அறிவும் மாணவரின் அளவையும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவும்போது, இரண்டும் வலிமை பெறுகின்றன.

நிழல் கூறும் பாடம்

அட்சரேகையும் சூரியனின் இயக்கமும் கற்பிக்க ஒரு நேரான கோலே போதும். பள்ளி முற்றத்தில் அதனைச் செங்குத்தாக நட்டு, பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை நிழலின் நுனியை ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை குறித்து வரவேண்டும். நிழல் மிகக் குறுகிய வேளையே அவ்வூரின் உண்மையான உச்சிப்பொழுது. அவ்வேளையில் நிழல் வடக்குத் தெற்காக அமையும். அது கடிகாரத்தின் 12 மணியோடு ஒத்துவராதது கண்டு மாணவர் வியப்பர். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நம் மாநிலம் அதற்கு மேற்கே இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதியில் உச்சிப்பொழுது 12 மணிக்குப் பின்னரே வருகிறது.

'நண்பகல் நிழல் தெற்கே விழுமா?' என்பது அடுத்த வினா. சூரியன் எப்போதும் நமக்குத் தெற்கே இருப்பதாக எண்ணுவோர் விழாது என்பர். ஆனால், தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர்த் தொடக்கத்திற்குள் ஒரு நாளும் சூரியன் உச்சியில் நேராக நிற்க, கோலுக்கு நிழலே இராது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. ஊருக்கு ஊர் அந்த நாள் சிறிது வேறுபடும். தென்கோடியிலுள்ள பள்ளியும் வடகோடியிலுள்ள பள்ளியும் தத்தம் நாளைக் கடிதத்தில் தெரிவித்துக் கொண்டால், உலகம் உருண்டை என்பதற்கு மாணவர் தாமே ஒரு சான்று திரட்டியவராவர்.

ஏரி ஏன் நிறையவில்லை?

சிந்தனையைத் தூண்டும் முறைகளுள் துப்பறிதல் சிறந்ததொன்று. ஒரு புதிரை முன்வைத்து, அதற்குரிய செய்திகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுக்க வேண்டும். கற்பனையான ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இவ்வாண்டு அவ்வூர் ஏரி நிறையவில்லை. சீட்டுகளில் உள்ள செய்திகள் இவை: சென்ற ஆண்டும் இவ்வாண்டும் மழை ஏறத்தாழ ஒரே அளவு. மேலுள்ள ஏரி நிறைந்து கலிங்கல் வழியே நீர் வழிந்தது. இரு ஏரிகளுக்கும் இடையே புதிய சாலை போடப்பட்டது. பழைய சிறு பாலம் இருந்த இடத்தில் குறுகிய குழாய் ஒன்றே வைக்கப்பட்டது. சாலைக்கு மேற்புறத்து வயல்களில் நீர் தேங்கிப் பயிர் அழுகிற்று. வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேல் அடர்ந்துள்ளது. ஏரியில் வண்டல் படிந்துள்ளது. ஊர்த் திருவிழா இவ்வாண்டு நடைபெறவில்லை.

குழுக்கள் இச்சீட்டுகளை வரிசைப்படுத்தி வாதிடட்டும். மழை குறையவில்லை என்பதை முதற்சீட்டு காட்டுகிறது. நீர் மேல் ஏரி வரை வந்தது என்பது அடுத்த சீட்டால் உறுதியாகிறது. மேற்புற வயல்களில் நீர் தேங்கியது சாலையின் குறுகிய குழாயைச் சுட்டுகிறது. கருவேல் சென்ற ஆண்டும் இருந்ததா என்று கேட்காமல் அதன்மீது முழுப் பழியும் சுமத்தலாகாது. வண்டலோ ஏரியின் கொள்ளளவைக் குறைக்கும். கொள்ளளவு குறைந்த ஏரி விரைவில் நிறைய வேண்டுமே அன்றி, நிறையாமல் போகக் காரணமில்லை. திருவிழாவையும் ஏரியையும் இணைத்துப் பேசுவோர் ஊரில் இருக்கலாம். அவ்வாறு இணைப்பதற்குச் சான்று உண்டா என்று மாணவர் பணிவோடு கேட்கக் கற்பர். ஒரே காலத்தில் நிகழ்ந்தவை எல்லாம் காரணமும் விளைவும் ஆகிவிடா என்னும் இத்தெளிவு பெரியவர்களாகிய நமக்கும் வேண்டுவதேயாகும்.

இதன் தொடர்ச்சியாக வகுப்பறையிலேயே ஒரு கிராம சபையை நடத்தலாம். ஒருவர் ஏரிப் பாசன உழவராகவும், ஒருவர் மேற்புற வயலின் உரிமையாளராகவும், ஒருவர் பேருந்தில் பள்ளி செல்லும் மாணவியாகவும், ஒருவர் பொறியாளராகவும் பேசட்டும். சாலையும் வேண்டும், நீரும் வேண்டும். வழி என்ன? குறைந்தது மூன்று வழிகளைக் கூறிய பின்னரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி வகுக்க வேண்டும். முதலில் தோன்றும் வழியையே பற்றிக்கொள்ளாமல், பல வழிகளை எண்ணிப் பார்த்துப் பின் எடை போடுவதே ஆக்கச் சிந்தனையின் அடிப்படை.

தேர்வுக்கு உதவுமா?

இவற்றால் மதிப்பெண் கூடுமா என்று பெற்றோர் வினவுவது இயல்பே. ஏரியில் கண்ட சம உயரக் கோட்டை மாணவன் தேர்விலும் மறவான். மழைமானியைக் கையாண்டவனுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிறது என்பது மனப்பாடச் செய்தியன்று. தன் குறிப்பேட்டில் கண்ட உண்மை. எனினும், பாடநூலை ஒதுக்கிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஊரில் தொடங்கி உலகிற்குச் செல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. ஊர்க் குன்றின் இரு பக்கமும் கண்டவனுக்கு, வால்பாறை மலைப்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் பெருமழை பெறுகையில், கிழக்கேயுள்ள சமவெளி மழைமறைவில் நிற்பது எளிதில் விளங்கும்.

மாணவர் பணியால் நாட்டுக்கே பயன் விளைந்த சான்றும் உண்டு. 1930-களில் டட்லி ஸ்டாம்ப் என்னும் புவியியல் பேராசிரியர் பிரிட்டனின் நிலப் பயன்பாட்டைக் கணக்கெடுக்க முற்பட்டார். மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவிலான படங்களுடன் பள்ளி மாணவரும் ஆசிரியரும் வயல் வயலாகச் சென்று, உழுநிலம், புல்வெளி, காடு என்று குறித்தனர். 1939-இல் போர் மூண்டு உணவு உற்பத்தியைப் பெருக்க நேர்ந்தபோது அப்படங்கள் பெரிதும் பயன்பட்டன.

ஊராட்சி செய்யத்தக்கவை

கல்வி ஆசிரியரின் பொறுப்பு என்று ஊராட்சி ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருடன் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் அளிக்கிறது. அங்கே இவற்றை வலியுறுத்தலாம். கிராம வரைபடத்தின் படி ஒன்றைப் பள்ளிக்கு வழங்கலாம். மழைமானி ஒன்றை வாங்கித் தந்து, மாணவர் குறிக்கும் அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் நாள்தோறும் எழுதச் செய்யலாம். மடை திறக்கும் முறையையும், கலிங்கலின் பயனையும், பழைய வெள்ளம் வந்த உயரத்தையும் அறிந்த முதியவரை மாதம் ஒரு முறை வகுப்பிற்கு அழைக்கலாம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் மாணவரின் படங்களைக் காட்சிக்கு வைக்கலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

அதே வேளையில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, பாதுகாப்பு. கிணறு, மதகு, நீர் நிறைந்த ஏரி ஆகியவற்றின் அருகே ஆசிரியரும் பெரியவரும் உடனின்றி மாணவர் செல்லலாகாது. வயலில் நடக்க உரியவரின் இசைவைப் பெற வேண்டும். இரண்டாவது, இன்னும் நுட்பமானது. மாணவர் வரத்துக் கால்வாயைத் தொடர்ந்து நடந்து படம் வரையும்போது, கால்வாய் ஓரிடத்தில் மறைந்து வயலாகியிருப்பது வெளிப்படலாம். அப்படத்தைச் சான்றாக்கி, ஒரு வீட்டுப் பிள்ளையை மற்றொரு வீட்டாரின் பகைக்கு ஆளாக்குதல் பெருந்தவறு. எல்லையை உறுதி செய்யப் புலப்படமும் வருவாய்த் துறையின் அளவையும் இருக்கின்றன. மாணவர் கேட்ட வினாவிற்கு அவற்றைக் கொண்டு விடை காண்பது பெரியவர்களின் கடமை. ஆனால், அவ்வினாவை மூடி மறைத்துவிட்டால், பள்ளியில் கற்ற உண்மைக்கு ஊரில் மதிப்பில்லை என்ற பாடத்தையே நாம் அவர்களுக்குக் கற்பித்தவர்களாவோம்.

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. சரிவறிந்து கரை எழுப்பி, ஒன்றின் மிகுநீர் மற்றொன்றைச் சேருமாறு அவற்றை அமைத்த நம் முன்னோர், நிலத்தையே ஏடாகக் கொண்டு கற்றவர்கள். அந்த ஏடு இன்றும் ஒவ்வோர் ஊரிலும் விரிந்தே கிடக்கிறது. வரும் பருவமழைக்கு முன் பள்ளிதோறும் ஒரு மழைமானியும், ஒரு கிராம வரைபடமும், முற்றத்தில் ஒரு நிழற்கோலும் இடம்பெறச் செய்து, நம் சிறுவர் அதனைப் படிக்க வழி வகுப்போமாக.